மாதிரி

எங்கள் ஆய்வுகூடத்தில் இந்தச் சொல் உவமை உருபு அல்ல.
ஒட்டிய சீட்டு, ஒரு எண், ஒரு திகதி.
தில்லை, பட்டை, இறக்கக்கண்டிக் களப்பு,
கச்சான் காற்று தொடங்கி ஒன்பதாம் நாள்.
நஸ்ரின் கத்தியை வைத்ததும்
பால் அவள் கண்ணாடியில் தெறித்தது.
தோணிக்காரர் முழு நேரமும்
முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பியே வைத்திருந்தார்.
கண்ணைக் கெடுக்கும் மரத்திடம்
காலுக்கு மருந்து கேட்கப் போகிறோம் என்று
அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

சைக்கிள் தரிப்பிடக் கூரையின் கீழ்
பழைய பத்திரிகை விரித்து உலர்த்தினோம்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்தது.
வாழைத்தோல் தின்னும், கடதாசி தின்னும்,
போன வருடம் ஒருவரின் விடுமுறைக் கடிதத்தைத் தின்றது.
பட்டையை முகர்ந்தது. திரும்பிப் போய்விட்டது.
நச்சுப் பரிசோதனை, முதற்கட்டம், முடிந்தது
என்று நஸ்ரின் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினாள்.
நான் அழித்தேன்.
அழித்ததற்காகப் பிறகு கொஞ்சம் வருந்தினேன்.

மெதனோலில் மூன்று நாள்.
மின்சாரம் போய் வந்த இரவுகளில்
ஆவியாக்கியின் குடுவை
பாதிச் சுற்றில் நின்று, யோசித்து, மறுபடி சுற்றியது.
மிஞ்சியது ஒரு கரண்டிக் கறுப்புப் பசை.
அதை இருபத்தாறு குழாய்களாகப் பிரித்தோம்.

கிருமி பெரியாஸ்பத்திரியில் இருந்து வந்தது.
நீரிழிவுப் புண், இடது கால், எண் நாற்பத்தொன்று.
எண்ணுக்குப் பின்னால் பெயர் தெரியக் கூடாது.
தெரிந்தது, ஏனென்றால் அவர் நேரே வந்துவிட்டார்:
உதுமாலெப்பை, கிண்ணியா, வலைத் தொழில்,
ஒரு காலில் செருப்பு, மறுகாலில் துணி.
"மருந்து எப்ப வரும் டொக்டர்?"
நான் டொக்டர் இல்லை என்றேன்.
எலி, பிறகு முயல், பிறகு அனுமதி, பிறகு மனிதர்,
எல்லாம் சரிவந்தால் பன்னிரண்டு வருடம் என்றேன்.
விரல்களை மடித்து எண்ணிப் பார்த்தார்.
"என்ட கால் அவ்வளவு நாள் நிக்காதும்மா" என்றார்,
கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லும் குரலில்.

பதினேழாம் குழாய் வேலை செய்தது.
வடிதாள் வட்டைச் சுற்றி
ஒன்றும் முளைக்காத ஒரு வளையம்.
நிலா என்று எழுதாதே நஸ்ரின்,
அளவுகோலை எடு. பதினான்கு மில்லிமீற்றர்.
வெறும் மெதனோல் தோய்த்த வட்டைச் சுற்றி
விளிம்பு வரைக்கும் கிருமி.
ஆகவே கொன்றது மெதனோல் இல்லை, மரம்தான்.
அன்று பின்னேரம் உப்புவெளிக் கரையில்
ஆளுக்கு இரண்டு ஐஸ்கிறீம்.

அடுத்த கிழமை அதே பதினேழை
மனிதத் தோற்கலங்கள் மேல் விட்டோம்.
அவையும் செத்தன.
மரத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை.
செறிவைப் பாதியாக்கினோம். பாதியின் பாதி.
இரண்டும் சாகும் இடம் தெரியும்,
இரண்டும் பிழைக்கும் இடமும் தெரியும்.
ஒன்று மட்டும் சாகும் இடம்
வரைபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது.
அல்லது இல்லை.

மாரி தொடங்க அவர் திரும்பி வந்தார்.
இரண்டு விரல் போயிருந்தது.
"அந்தக் கிருமி இன்னும் கிடக்கா?"
கிடக்கிறது. சைபருக்குக் கீழே எண்பது பாகையில்,
ஜெனரேட்டருக்குத் தனிக் கம்பி இழுத்து
அதைத்தான் நாங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.
பார்க்கலாமா என்றார்.
விதிப்படி கூடாது.
நேற்று வளர்த்த தட்டை
மூடி திறக்காமல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
நெடுநேரம் குனிந்து பார்த்தார்.
"இதா? தங்கப் பொடி மாதிரி, எவ்வளவு வடிவு."
நான் திருத்தவில்லை.

நாளை இறக்கக்கண்டிக்கு மறுபடி.
அதே மரம், சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம்,
மழைக்காலத்துப் பட்டை வேறாக இருக்கலாம்.
கையுறை, கத்தி, அனுமதிக் கடிதத்தின் பிரதி,
கண்ணாடி மூன்று.
ஒன்று தோணிக்காரருக்கு.